சென்னை ஓபன்: நுங்கம்பாக்கத்தில் இருபத்தோரு ஆண்டுகள்

சென்னை ஓபன், 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் நடந்த சர்வதேச ஆண்கள் டென்னிஸ் போட்டி. தொழில்முறை வீரர்களின் அமைப்பான ஏடிபி நடத்தும் உலகச் சுற்றில் இடம்பெற்ற இது, அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் தெற்காசியாவின் ஒரே ஏடிபி போட்டியாக இருந்தது. கடின தரையில் ஆடப்பட்டது. ஒற்றையர், இரட்டையர் என இரு பிரிவுகள் உண்டு. 2017 ஜனவரியில் கடைசியாக நடந்த பின், மறு ஆண்டு முதல் புனே நகருக்கு மாற்றப்பட்டது. சென்னையில் அந்தப் போட்டி அத்துடன் முடிந்தது.

2009இல் ஏடிபி தன் போட்டிகளை வெற்றியாளர் பெறும் தரவரிசைப் புள்ளிகளை வைத்துப் பிரித்தபோது, சென்னைக்குக் கிடைத்தது 250 புள்ளிப் பிரிவு. அந்த ஏணியின் கீழ்ப்படி அது. கிராண்ட்ஸ்லாம் வென்றால் 2000 புள்ளி, மாஸ்டர்ஸ் போட்டி என்றால் 1000, அதற்கடுத்து 500, அதற்குப் பிறகுதான் 250. ஆனாலும் பாட்ரிக் ராஃப்டர், கார்லோஸ் மோயா, மரின் சிலிச், ஸ்டான் வாவ்ரிங்கா என நான்கு கிராண்ட்ஸ்லாம் சாம்பியன்கள் இங்கே ஒற்றையர் பட்டம் வென்றிருக்கிறார்கள். ரஃபேல் நடால் இரட்டையர் கோப்பையைத் தூக்கினார். ஒற்றையரில் இறுதிவரை வந்து தோற்றார். பின்னாளில் அமெரிக்க ஓபனை வென்ற டேனியல் மெட்வெடேவ் தன் முதல் ஏடிபி இறுதி ஆட்டத்தை ஆடியதும் இதே அரங்கில்தான்.

அரங்கம் சென்னையுடையது. கூட்டம் சென்னையுடையது. நடத்திய சங்கமும் தமிழ்நாட்டுச் சங்கம். போட்டியின் உரிமம் மட்டும் சென்னையிடம் இல்லை. இருபத்தோரு ஆண்டு வரலாற்றையும் அதன் முடிவையும் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தில்லியிலிருந்து வந்த போட்டி

போட்டி முதலில் நடந்தது புது தில்லியில். 1996 ஏப்ரலில் அங்கே நடந்த இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனின் தாமஸ் என்க்விஸ்ட், ஜிம்பாப்வேயின் பைரன் பிளாக்கை வென்றார். மறு ஆண்டே அது சென்னைக்கு வந்துவிட்டது. மெட்ராஸ் என்ற பெயர் அதிகாரபூர்வமாகச் சென்னை என்று மாறி ஓராண்டு கூட ஆகவில்லை. புதுப் பெயரை உலகெங்கும் விளையாட்டுப் பக்கங்களில் அச்சேற்றியதில் இந்தப் போட்டிக்குப் பங்கு உண்டு.

வருவதற்குக் காரணம் இருந்தது. 1995 டிசம்பரில் மெட்ராஸில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதற்காக நுங்கம்பாக்கம் ஏரிப்பகுதியில் வள்ளுவர் கோட்டத்துக்கு அருகே புது டென்னிஸ் அரங்கம் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் உள்ள அந்த அரங்கில் ஆறாயிரம் பேர் வரை அமரலாம். ஒரு பெரிய போட்டிக்குப் போதுமான அளவு; அதே நேரம், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஆட்டக்காரரின் முகம் தெரியும் அளவு.

ஊரின் டென்னிஸ் பழக்கமும் சேர்ந்துகொண்டது. 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற ராமநாதன் கிருஷ்ணன் இந்த ஊர்க்காரர். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். அப்பா அதே பட்டத்தை 1954இல் வென்றிருந்தார். விஜய், ஆனந்த், அசோக் என அமிர்தராஜ் சகோதரர்கள் மூவரும் இங்கே வளர்ந்தவர்கள். அந்தக் குடும்பம் 1980களின் நடுவில் பிரிட்டானியா நிறுவனத்தின் ஆதரவுடன் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில்தான் கல்கத்தாச் சிறுவன் லியாண்டர் பயஸ் தங்கிப் பயின்றார். டேவிஸ் கோப்பை ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய ரசிகர்கள் இந்நகரில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். இரண்டாவது சர்வீஸின் சுழற்சியைப் பற்றி மனைவியிடம் விளக்கிக்கொண்டே மேட்ச் பார்க்கும் பெரியவர்கள் இருக்கும் ஊர் இது.

முதல் சென்னைப் போட்டி 1997 ஏப்ரலில், சித்திரை பிறக்கும் நேரத்து வெயிலில் நடந்தது. ஸ்வீடனின் மிக்கேல் டில்ஸ்ட்ரோம், அலெக்ஸ் ரடுலெஸ்குவை மூன்று செட்களில் வென்றார். ஆனால் அந்த ஆண்டு ஊர் கொண்டாடியது இரட்டையர் பட்டத்தை. அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று ஓராண்டு கூட நிறையாத பயஸ், மகேஷ் பூபதியோடு சேர்ந்து ஆடினார். இருவரும் ஜோடியாக வென்ற முதல் ஏடிபி பட்டம் இதுதான். இரண்டே ஆண்டில் விம்பிள்டனையும் பிரெஞ்சு ஓபனையும் வெல்லப்போகும் ஜோடி நுங்கம்பாக்கத்தில்தான் கணக்கைத் தொடங்கியது. 1998, 1999, 2002 என மேலும் மூன்று முறை அவர்கள் இங்கே வென்றார்கள்.

1998இல் வந்த ராஃப்டர் சாதாரண விருந்தாளி இல்லை. முந்தைய செப்டம்பரில்தான் அமெரிக்க ஓபனை வென்றிருந்தார். அவர் சென்னைப் பட்டத்தையும் வென்று, அந்த ஆண்டே அமெரிக்க ஓபனைத் தக்கவைத்துக்கொண்டார். போரிஸ் பெக்கரும் இங்கே வந்து ஆடிச் சென்றார். தில்லியில் தோற்ற பைரன் பிளாக் 1999இல் சென்னையில் வென்று பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார். 2001இல் தம்பி வெய்னோடு சேர்ந்து இரட்டையர் பட்டத்தையும் எடுத்துப் போனார். பிரான்சின் ஜெரோம் கோல்மார் 2000இலும், செக் நாட்டின் மிக்கால் டபாரா 2001இலும் ஒற்றையர் பட்டம் வென்றார்கள்.

ஜனவரி முதல் வாரம்

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டி ஏப்ரலிலிருந்து ஜனவரி முதல் வாரத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் குணத்தையே மாற்றிய மாற்றம் இது. டென்னிஸ் ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது; அந்த மாதத்தின் நடுவில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன். அதற்கு முன் இரண்டு வாரம் வெயிலிலும் கடின தரையிலும் ஆடிப் பழக ஓர் இடம் வேண்டும். சென்னை அந்த இடமானது. மாலையில் தொடங்கி விளக்கொளியில் நடக்கும் ஆட்டங்கள், சட்டையைப் பிழியவைக்கும் ஈரக்காற்று என்று ஒத்திகைக்குத் தோதான பல விஷயங்கள் இங்கே இருந்தன.

ஊருக்கும் அது நல்ல வாரம். சபாக்களில் மார்கழிக் கச்சேரிகள் முடியும் தறுவாய், புத்தகக் கண்காட்சி ஒரு பக்கம், பொங்கலுக்கு இன்னும் சில நாள். பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை முடிந்தும் முடியாமலும் இருக்கும். அலுவலகம் விட்டு நேராக அரங்குக்கு வந்து, இரவு பத்து மணிவரை இருந்து, இரட்டையர் ஆட்டத்தையும் பார்த்துவிட்டே வீடு திரும்புகிறவர்கள் இருந்தார்கள். பந்து பொறுக்கிப் போடும் சிறுவர் சிறுமியருக்குத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த வீரர்கள் கையெட்டும் தூரத்தில் நின்றார்கள். துண்டை எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டார்கள். ஒரு நகரத்தில் டென்னிஸ் வேர்விடுவது இப்படித்தான்.

விளம்பரதாரர்களுக்கு ஏற்பப் போட்டியின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. சிகரெட் நிறுவனங்கள் விளையாட்டுக்குப் பணம் கொடுத்த காலத்தில் அது கோல்டு ஃபிளேக் ஓபன். 2002 முதல் 2004 வரை டாடா ஓபன். பிறகு சென்னை ஓபன். 2010 முதல் ஏர்செல் சென்னை ஓபன். ரசிகர்கள் பெரும்பாலும் பெயரைப் பற்றிக் கவலைப்படவில்லை. “நுங்கம்பாக்கத்துல டென்னிஸ்” என்றால் எல்லோருக்கும் புரிந்தது.

பாரடார்னும் மோயாவும்

சென்னைக் கூட்டம் மனம்விட்டு நேசித்த முதல் வெளிநாட்டு வீரர் தாய்லாந்தின் பாரடார்ன் ஸ்ரீசாபன். 2002 முதல் 2005 வரை தொடர்ந்து நான்கு ஆண்டு அவர் இறுதி ஆட்டத்துக்கு வந்தார். அவற்றில் வென்றது ஒன்று, 2003இல் ஸ்லோவாக்கியாவின் கரோல் குச்சேராவை. மற்ற மூன்றிலும் தோல்வி. ஆட்டம் முடிந்ததும் நான்கு பக்கமும் திரும்பி, கைகூப்பி, தலைகுனிந்து வணங்குவது அவர் வழக்கம். உலகெங்கும் அப்படித்தான் செய்தார். ஆனால் வணக்கம் என்று கைகூப்பியே பழகிய ஒரு கூட்டத்தின் முன் அது வேறு பொருள் கொண்டது. தோற்ற பின்னும் அவர் வணங்கியபோது எழுந்த கைதட்டல், வென்றவருக்குக் கிடைத்ததைவிடக் குறைவாக இருந்ததில்லை.

2004, 2005 இரண்டு ஆண்டும் அவரைத் தோற்கடித்தவர் ஸ்பெயினின் கார்லோஸ் மோயா. இரண்டு முறையும் மூன்றாவது செட் டைபிரேக் வரை போனது. அதாவது இரண்டு முழு இறுதி ஆட்டங்கள் முடிந்த பின்னும் இருவரையும் பிரித்தவை ஒருசில புள்ளிகளே.

2005ஆம் ஆண்டுப் போட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தது. மெரினாவிலிருந்து நாகப்பட்டினம், கன்னியாகுமரி வரை கடலோரம் பிணக்காடானது. அடுத்த வாரம் சென்னையில் டென்னிஸ். நடத்துவதா, தள்ளிவைப்பதா என்ற கேள்வி இயல்பாகவே எழக்கூடிய நேரம். போட்டி நடந்தது. இறுதியில் எதிரெதிரே நின்ற இருவரில் ஒருவரான பாரடார்னின் நாடான தாய்லாந்தும் அதே அலையில் ஆயிரக்கணக்கானோரை இழந்திருந்தது. வென்ற மோயா தன் பரிசுப் பணத்தை ஆழிப்பேரலை நிவாரணத்துக்குக் கொடுத்தார். சென்னை ரசிகர்கள் மோயாவை வெளியூர்க்காரராக நினைக்காமல் போனதற்கு இரண்டு பட்டங்கள் மட்டும் காரணமில்லை.

மோயா 2006லும் இறுதிக்கு வந்தார். குரோஷியாவின் இவான் லூபிசிச்சிடம் தோற்றார். 2007இல் பெல்ஜியத்தின் சேவியர் மலீஸ் ஒரே வாரத்தில் இரண்டு கோப்பைகளை வென்றார். ஒற்றையர் அரையிறுதியில் நடாலைத் தோற்கடித்தார். இரட்டையர் இறுதியிலும் டிக் நார்மனோடு சேர்ந்து, நடால் இருந்த ஜோடியைத் தோற்கடித்தார்.

மூன்று மணி ஐம்பத்து நான்கு நிமிடம்

நடால் சென்னைக்கு முதலில் வந்து வென்றது 2004இல். வயது பதினேழு. டாமி ரொப்ரெடோவுடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை எடுத்துப் போனார். நான்கு ஆண்டு கழித்து 2008இல் வந்தபோது அவர் உலகின் இரண்டாம் நிலை வீரர், மூன்று பிரெஞ்சு ஓபன் பட்டங்களின் சொந்தக்காரர்.

அந்த ஆண்டு அரையிறுதியில் அவருக்கு எதிரே மோயா. இருவரும் மயோர்க்கா தீவுக்காரர்கள். நடாலைவிடப் பத்து வயது மூத்தவர் மோயா. சிறுவன் நடாலோடு பயிற்சி ஆடி வளர்த்துவிட்டவர். முதல் செட் டைபிரேக்கில் மோயாவுக்குப் போனது. இரண்டாவது செட்டும் டைபிரேக். அதில் மோயா வெற்றிக்கு ஒரே புள்ளித் தூரத்தில் பலமுறை நின்றார். நடால் நான்கு மேட்ச் பாயிண்ட்களைக் காப்பாற்றி செட்டைப் பறித்தார். மூன்றாவது செட்டும் டைபிரேக்கில் முடிந்தது. 6-7, 7-6, 7-6. மூன்று செட் ஆட்டம் வழக்கமாக ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணிக்குள் முடிந்துவிடும். இது 3 மணி 54 நிமிடம் ஓடியது. ஐந்து செட் ஆடும் கிராண்ட்ஸ்லாமில்கூட அந்த நேரம் நீண்ட ஆட்டம் என்றே கருதப்படும்.

மறுநாள் இறுதி ஆட்டம். ரஷ்யாவின் மிக்கைல் யூஷ்னி களத்துக்கு வந்தபோது எதிரே இருந்த நடாலின் கால்கள் ஓட மறுத்தன. எந்தப் பந்தையும் விடாமல் துரத்துவதற்குப் பேர்போனவர், இரண்டடி தள்ளி விழுந்த பந்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். 0-6, 1-6. ஐம்பத்தேழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. முந்தைய நாள் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோல்வியில் வியப்பு இருக்கவில்லை. அந்த இரு நாள்களையும் சேர்த்துப் பார்த்தால், தொழில்முறை டென்னிஸ் ஒரு மனித உடலிடம் என்ன கேட்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. மோயா பின்னர் 2016 டிசம்பரில் நடாலின் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்தார்.

சோம்தேவ் ஓடிய வாரம்

2008 நவம்பர் இறுதியில் மும்பைத் தாக்குதல். சர்வதேச விளையாட்டு இந்தியாவுக்கு வரத் தயங்கிய நேரம் அது. அதற்கும் முன்பே, மும்பையில் 2006, 2007இல் நடந்து பெங்களூருக்கு மாறவிருந்த இன்னொரு ஏடிபி போட்டி, பாதுகாப்புக் காரணத்தால் கைவிடப்பட்டிருந்தது. சேப்பாக்கத்தில் டிசம்பரில் இங்கிலாந்து கிரிக்கெட் அணி டெஸ்ட் ஆட வந்தது. ஜனவரியில் நுங்கம்பாக்கத்தில் டென்னிஸும் நடந்தது.

அந்தப் போட்டியில் உள்ளூர் வைல்டு கார்டு பெற்று இறங்கியவர் சோம்தேவ் தேவ்வர்மன். உலகத் தரவரிசையில் 202ஆம் இடம். திரிபுராக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அஸ்ஸாமில் பிறந்தாலும் டென்னிஸ் மட்டையைப் பிடித்துப் பழகியது சென்னையில், படித்தது சென்னைப் பள்ளியில். பிறகு அமெரிக்காவின் வர்ஜினியா பல்கலைக்கழகம் சென்று, அந்நாட்டுக் கல்லூரி சாம்பியன் பட்டத்தை இரண்டு முறை வென்று திரும்பியிருந்தார். இரண்டாம் சுற்றில், இருமுறை சாம்பியனான மோயாவை வீழ்த்தினார். காலிறுதியில் ஏறக்குறைய ஏழடி உயரமுள்ள குரோஷியாவின் இவோ கார்லோவிச். அவரையும் வென்றார். அரையிறுதியில் ஆட வேண்டிய ரெய்னர் ஷூட்லர் காயத்தால் விலகினார்.

1998இல் நியூபோர்ட்டில் பயஸ் வென்ற பிறகு ஓர் இந்தியர் ஏடிபி ஒற்றையர் இறுதியில் நிற்பது அதுவே முதல்முறை. இறுதியில் இருபது வயது சிலிச்சிடம் 6-4, 7-6 என்று சோம்தேவ் தோற்றார். ஆனால் அவர் டென்னிஸ் வாழ்க்கையின் திசை அந்த வாரத்தில்தான் மாறியது. மறு ஆண்டு தில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம், குவாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் தங்கம். 2010 செப்டம்பரில் இதே நுங்கம்பாக்கம் அரங்கில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில், இந்தியா பிரேசிலிடம் 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று வென்றது. நான்காவது ஆட்டத்தில் பிரேசிலின் பெல்லூச்சி வெப்பம் தாங்காமல் விலக, சோம்தேவ் வென்றார். ஐந்தாவதை ரோகன் போபண்ணா முடித்தார்.

சொந்த ஊரில் ஒரு ஏடிபி போட்டி இருப்பதன் பயன் என்ன என்று கேட்பவர்களுக்குச் சோம்தேவின் அந்த வாரமே பதில். 202ஆம் இடத்தில் இருப்பவர் வெளிநாட்டில் இப்படியொரு போட்டிக்குள் நேரடியாக நுழைய முடியாது. தகுதிச் சுற்றில் ஆடி வர வேண்டும், அதற்கே இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. போட்டி நடத்தும் ஊருக்கு வைல்டு கார்டு என்ற உரிமை உண்டு. அதை ஊர்ப் பையன்களுக்குக் கொடுக்கலாம். 2014இல் சொந்த ஊரில் ஆட வந்த பத்தொன்பது வயதுச் சென்னை இளைஞர் ராம்குமார் ராமநாதன் முதல் சுற்றிலேயே சோம்தேவை வீழ்த்தினார். 2000ஆம் ஆண்டில் சௌரவ் பாஞ்சா, பிரகலாத் ஸ்ரீநாத் ஜோடி இரட்டையர் இறுதிவரை போனது. 2006இல் விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷும் போபண்ணாவும் இறுதிக்கு வந்தார்கள்.

வாவ்ரிங்காவின் ஊர்

சிலிச் 2010லும் வென்றார். அந்த இறுதியில் தோற்ற சுவிட்சர்லாந்து வீரர் ஸ்டான் வாவ்ரிங்கா அடுத்த ஆண்டு திரும்பி வந்து பட்டத்தை எடுத்தார். 2011இல் தொடங்கிய அந்தக் கணக்கு 2014, 2015, 2016 என்று நீண்டு நான்கு பட்டங்களில் நின்றது. சென்னையில் வேறு யாரும் இவ்வளவு ஒற்றையர் பட்டங்கள் வென்றதில்லை.

2014 ஜனவரி 5ஆம் தேதி சென்னையில் வென்றபோது அவரிடம் ஒரு கிராண்ட்ஸ்லாம் கூட இல்லை. மூன்று வாரம் கழித்து, ஜனவரி 26 அன்று மெல்போர்னில் நடாலை வென்று ஆஸ்திரேலிய ஓபனைக் கைப்பற்றினார். 2015 தொடக்கத்தில் சென்னை, அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபன். 2016 தொடக்கத்தில் சென்னை, அந்த ஆண்டு அமெரிக்க ஓபன். மூன்று ஆண்டும் கிராண்ட்ஸ்லாம் வென்ற ஒருவர், மூன்று ஆண்டையும் நுங்கம்பாக்கத்தில் தொடங்கினார். 2016 போட்டி நடந்தது சென்னைப் பெருவெள்ளம் வடிந்து ஒரு மாதமே ஆன நிலையில்.

நடுவில் வந்த இரண்டு ஆண்டுகளும் மறக்கத்தக்கவை அல்ல. 2012இல் கனடாவின் மிலோஸ் ராவ்னிச் போட்டி முழுவதும் ஒருமுறை கூடத் தன் சர்வீஸை இழக்கவில்லை. செர்பியாவின் யாங்கோ டிப்சாரெவிச்சுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் இருவருமே சர்வீஸை இழக்காமல், மூன்று செட்களும் டைபிரேக்கில் முடிந்தன. தோற்ற டிப்சாரெவிச் அதே ஆண்டு பயஸோடு சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றார். மறு ஆண்டு ஒற்றையர் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. 2011இல் நெடுநாள் பிரிவுக்குப் பின் மீண்டும் சேர்ந்த பயஸும் பூபதியும் முதல் வேலையாகச் சென்னையில் ஐந்தாவது முறை வென்றார்கள். தைவானின் லூ யென்சுன் 2005லும் சரியாகப் பத்து ஆண்டு கழித்து 2015லும், வேறு வேறு துணையோடு இரட்டையர் பட்டம் வென்றவர்.

கடைசிப் போட்டி 2017 ஜனவரியில். வர்தா புயல் நகரத்தின் மரங்களைச் சாய்த்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. வாவ்ரிங்கா அந்த ஆண்டு வரவில்லை, பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். ஒற்றையரில் ஸ்பெயினின் ராபர்ட்டோ பாட்டிஸ்டா அகுட், மெட்வெடேவை 6-3, 6-4 என்று வென்றார். இரட்டையர் இறுதியில் நின்ற நால்வருமே இந்தியர்கள். போபண்ணாவும் சென்னைக்காரரான ஜீவன் நெடுஞ்செழியனும், பூரவ் ராஜா, திவிஜ் சரண் ஜோடியை வென்றார்கள். ஜீவனுக்கு அது முதல் ஏடிபி பட்டம். சொந்த ஊரில், சொந்தக் கூட்டத்தின் முன். அதுதான் கடைசி ஆண்டு என்று அன்று கைதட்டியவர்களுக்குத் தெரியாது.

போட்டி கைவிட்டுப் போனது எப்படி

ஏடிபி போட்டி என்பது நடைமுறையில் ஒரு தேதி. ஆண்டுக்கு வாரங்கள் இவ்வளவுதான். ஒவ்வொரு வாரமும் உலகில் இத்தனை போட்டிகள்தான் நடக்கலாம் என்று ஏடிபி வரையறுத்து வைத்திருக்கிறது. அந்த வாரத்துக்கான உரிமத்தை வைத்திருப்பவர் அதை விற்கலாம், வாடகைக்கு விடலாம், வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம். சென்னைப் போட்டியின் உரிமம் ஐஎம்ஜி என்ற பன்னாட்டு விளையாட்டு மேலாண்மை நிறுவனத்திடம் இருந்தது. தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் அதை நடத்தும் சங்கம். அரங்கம் அரசுடையது. அரசு நிதியுதவியும் உண்டு. பெயரில் விளம்பரதாரர். இத்தனை பேர் தோள்கொடுத்தால்தான் பல்லக்கு நகரும். எந்தத் தெருவில் போவது என்று முடிவுசெய்யும் உரிமை மட்டும் ஒருவரிடம்.

அழுத்தங்கள் ஆண்டுதோறும் கூடின. அதே முதல் வாரத்தில் தோஹாவில் ஒரு போட்டி; பரிசுத் தொகை சென்னையைவிட மிக அதிகம். பிரிஸ்பேனில் இன்னொன்று, ஆஸ்திரேலிய மண்ணிலேயே ஆடி, அப்படியே மெல்போர்ன் போய்விடலாம். முன்னணி வீரர் ஒருவரைச் சென்னைக்கு வரவழைக்க, பரிசுத் தொகைக்கு மேல் தனியாக வருகைக் கட்டணமும் கொடுக்க வேண்டியிருந்தது. டாலரில் கொடுக்க வேண்டிய பணத்தை ரூபாயில் திரட்ட வேண்டும். கிரிக்கெட்டுக்குக் கோடிகளைக் கொட்டும் நிறுவனங்கள் டென்னிஸுக்குக் கொடுக்கும்போது கைசுருக்கின.

2017 ஜூலையில், ஐஎம்ஜி ரிலையன்ஸ் நிறுவனம் போட்டியைப் புனேவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. மகாராஷ்டிர அரசும் அம்மாநில டென்னிஸ் சங்கமும் ஆதரவளிக்க, பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் ஐந்தாண்டு நடத்த ஏற்பாடு. பெயர் மகாராஷ்டிரா ஓபன். ஏழு மாதம் கழித்து, சென்னைப் போட்டியின் கடைசி விளம்பரதாரரான ஏர்செல்லே கடனில் மூழ்கித் திவால் நடவடிக்கைக்குப் போனது. ஆகவே 2018இல் போட்டி சென்னையிலேயே இருந்திருந்தாலும் சிரமப்பட்டிருக்கும். இருந்தாலும் சென்னையின் தரப்பில் தவறே இல்லை என்று சொல்ல முடியாது. இருபத்தோரு ஆண்டில் உரிமத்தைத் தமிழ்நாட்டுக்கு வாங்கிவிட ஒரு வழி காணப்படவில்லை. வாடகை வீட்டை எவ்வளவு அழகாக வைத்துக்கொண்டாலும் காலி செய்யச் சொன்னால் காலி செய்ய வேண்டியதுதான்.

புனேயிலும் அது நிலைக்கவில்லை. 2018இல் பிரான்சின் கில்ஸ் சீமோன் வென்றதில் தொடங்கி, கொரோனாவால் 2021இல் நிற்க, 2023 ஜனவரியில் நெதர்லாந்தின் டாலன் கிரீக்ஸ்போர் வென்றதோடு அங்கும் முடிந்தது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் ஏடிபி நாள்காட்டியில் புனே இல்லை; ஹாங்காங் இருந்தது.

சென்னை அரங்கம் பூட்டியே கிடக்கவில்லை. ஏடிபி சுற்றுக்கு ஒரு படி கீழான சாலஞ்சர் போட்டிகள் நடக்கின்றன. 2024 பிப்ரவரியில் சுமித் நாகல் அங்கே வென்று உலகின் முதல் நூறு பேருக்குள் நுழைந்தார். விஜய் அமிர்தராஜ் மாநிலச் சங்கத்தின் தலைவரான பிறகு, 2022 செப்டம்பரில் மாநில அரசின் ஆதரவோடு, சென்னை ஓபன் என்ற அதே பெயரில் பெண்களுக்கான டபிள்யூடிஏ 250 போட்டி நடந்தது. பதினேழு வயது செக் வீராங்கனை லிண்டா ஃபுருவிர்டோவா, போலந்தின் மக்டா லினெட்டை வென்றார். மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பின் 2025இல் மீண்டும் நடந்தபோது இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென் வென்றார்.

ஆண்களுக்கான ஏடிபி சுற்றுப் போட்டி, 2023 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவின் எந்த நகரிலும் நடக்கவில்லை.